நெல்லிக்கனியும் தூதும்

தருமபுரிக்கு அருகிலுள்ள அதியமான்கோட்டையின் பெயரைச் சொன்னதும் தமிழர் நெஞ்சில் எழுவது நெல்லிக்கனிதான். கிடைத்தற்கரிய கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் அதியமான் என்று பள்ளிப் பாடம் முதல் பட்டிமன்றம் வரை போற்றுகிறோம். ஆனால், தொண்டைமானிடம் தன் தூதராக அவன் விடுத்ததும் அந்த ஔவையைத்தான் என்பதை அத்துணை அழுத்தமாகச் சொல்வதில்லை. கனி ஈந்தது அன்பு. தூது விடுத்ததோ நம்பிக்கை. அரசின் பொறுப்பையே ஒரு பெண்ணின் கையில் அளித்த செயல் அது.

நம் நாட்டுப் பெண் விஞ்ஞானியரைப் பற்றித் தமிழில் வரும் வாழ்க்கைக் குறிப்புகளிலும் இதே குறையைக் காண்கிறோம். உதவித்தொகை பெற்றார், பரிசு பெற்றார், ‘முதல் பெண்மணி’ ஆனார் என்று கனிகளை எண்ணுகின்றனர். பொறுப்பு ஏன் தாமதித்தது என்று வினவுவார் அரியர்.

கமலா பாகவத் (பின்னாளில் சோஹோனி) 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்தில் இடம் கேட்டபோது, இயக்குநர் சர் சி.வி. இராமன் மறுத்தார். கமலா விடாது போராடிய பின், ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். 1939-இல் கமலா கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். சோதிக்கப்பட வேண்டியது எவருடைய தகுதி?

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணியின் கதை இன்னும் நுட்பமானது. இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களின் ஒளியியல்பை ஆராய்ந்து, தனியொருவராக ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார். 1945-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று கூறிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. அந்த விதி பெண்ணுக்கென எழுதப்பட்டதன்று; எனினும், முன்னேயுள்ள ஆய்வைக் காணாது இல்லாத சான்றிதழைத் தேடும் கண்ணுக்கு அது கருவியாயிற்று. அன்னா மாணி அதனைப் பெரிதுபடுத்தவில்லை. இந்திய வானிலைத் துறையில் கருவிகளை உள்நாட்டிலேயே செய்யும் பணியை வளர்த்து, துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். அவர் முறையிடாதது அவருடைய பெருந்தன்மை. அதையே சான்றாக்கி, அநீதி நிகழவில்லை என்பது எழுதுவோரின் வசதி.

இனி ‘முதல்’ என்னும் சொல்லைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். 1914-இல் தொடங்கிய இந்திய அறிவியல் மாநாட்டுக்குப் பெண் தலைவர் வாய்த்தது 1975-இல். அவர் அசீமா சாட்டர்ஜி. 1935-இல் பிறந்த இந்தியத் தேசிய அறிவியல் கழகத்துக்கு 2020-இல் சந்திரிமா சாகா. 1942-இல் அமைந்த அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்கு 2022-இல் நம் அம்பாசமுத்திரத்து ந. கலைச்செல்வி. முறையே 61, 85, 80 ஆண்டுகள்! ‘முதல்’ என்பது அந்த அம்மையாருக்குப் புகழ்மாலை, நிறுவனத்துக்கோ குற்றப்பத்திரிகை.

பெண் விஞ்ஞானியர் பலரின் வாழ்வைத் தொகுத்து, இந்திய அறிவியல் அகாதெமி 2008-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘லீலாவதியின் புதல்வியர்’ இவ்வகையில் மேலானது. அதில் அறிவியலாளர் பலர் தம் பயணத்தைத் தாமே உரைக்கின்றனர். பிறர் பாடும் புகழுக்குள் மறையும் தடைகள் அங்கே வெளிப்படுகின்றன.

தமிழில் இத்துறையில் எழுதப் புகுவோர் ஒன்றைச் செய்யட்டும். ஒரு பெண் பதவி ஏறிய ஆண்டைக் குறிக்கும்போது, அப்பதவி தோன்றிய ஆண்டையும் அருகே எழுதட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் எழுதப்படாத வரலாறு கிடக்கிறது.