தொட்டிக்குள் ஓர் எர்த் கம்பி

மீன் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்கிறது என்று யாராவது சொன்னால், மீன் வளர்ப்பவர்களிடம் தயாராக ஒரு மருந்து இருக்கிறது. டைட்டானியம் கம்பி ஒன்றை வாங்கித் தண்ணீரில் இறக்கு, அதன் வயரைப் பிளக்கின் எர்த் முனையில் சேர், கசிவெல்லாம் மண்ணுக்குப் போய்விடும் என்பார்கள். இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காமல் கம்பியை இறக்கினால், கம்பியே இல்லாத நிலையைவிட மோசமான நிலை சில வீடுகளில் உண்டாகும். இருபது ஆண்டுகளாகத் தொட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் உண்மையான கவலை இருக்கிறது.

பயம் பெரும்பாலும் டெஸ்டரில் தொடங்குகிறது. தண்ணீரில் டெஸ்டரை வைக்கிறோம், விளக்கு மினுக்கென்கிறது. மல்டிமீட்டரை வைத்தால் 40, 70 வோல்ட் என்று எண் ஓடுகிறது. ஆனால் எல்லாமே சரியாக இருக்கும் தொட்டியிலும் இப்படிக் காட்டும். பம்ப்பின் காயில் பிசினுக்குள் புதைந்திருக்கிறது. ஒரு பக்கம் காயில், மறுபக்கம் தண்ணீர், நடுவே பிசின் என அது ஒரு சிறு கெப்பாசிட்டராகிவிடுகிறது. அது 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் வழியே ஓடுவது சுமார் 7 மைக்ரோ ஆம்பியர். மனித உடல் உணரத் தொடங்குவதே அரை மில்லி ஆம்பியர் அளவில்தான். ஆனால் டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம் என்பதால், அந்த அற்ப ஓட்டமே அதில் 70 வோல்ட்டாகத் தெரிகிறது. மீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்துவிட்டு அளந்தால் அந்த 70 வோல்ட் காணாமல் போகும். அப்போதும் எண் இறங்கவில்லை என்றால், அல்லது கையிலேயே சுருக்கென்று உணர்ந்தால், அது உண்மையான கசிவு. அடுத்த வேலை மெயினை அணைப்பது.

மீனுக்காகவே கம்பி போடுகிறோம் என்பவர்களின் வாதம்தான் இருப்பதில் பலவீனமானது. மின்கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. மின்சாரம் அதன் உடலைக் கடந்து போக வழி இல்லை. எங்கும் இணைக்கப்படாத தொட்டித் தண்ணீரில் மீனின் நிலையும் அதுவே. எர்த் கம்பியை இறக்கிய பிறகுதான் தண்ணீரிலிருந்து மின்சாரம் வெளியேற வழி ஒன்று பிறக்கிறது. உடைந்த ஹீட்டரிலிருந்து கம்பி வரை கசிவு தொட்டியைக் குறுக்காகக் கடக்கும், மீன் அதன் நடுவே நீந்தும். நன்னீரில் இது இன்னும் மோசம். நன்னீரைவிட மீனின் உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், ஓட்டம் மீனைத் தேடிக் குவியும். ஆற்றில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்க முடிவதும் இதனால்தான். கடல்நீர் நன்னீரைவிடப் பல மடங்கு அதிகமாகக் கடத்தும், அங்கே ஓட்டம் மீனைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

கடல்மீன்களின் தலையிலும் பக்கக் கோட்டிலும் விழும் குழிப்புண்ணுக்குக் கசிவு மின்சாரமே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், லிக்னைட் கரியிலிருந்து செய்த ஆக்டிவேட்டட் கார்பனைப் பயன்படுத்திய தொட்டிகளில் அதே புண் உண்டாவது தெரிந்தது. வடிகட்டிக் கரியைப் பார்க்க வேண்டிய இடத்தில் பலர் எர்த் கம்பி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இனி அந்த உண்மையான பாதி. கம்பி தனியே எதையும் காப்பதில்லை. ஆர்.சி.சி.பி.யோடு சேரும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று அந்தக் கருவி கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். கம்பி இல்லாத தொட்டியில் ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டால் அந்தக் குறைவு உண்டாகாது, ஏனென்றால் கசிவு போக வழியே இல்லை. வெறுங்காலோடு தரையில் நின்று நீங்கள் கை விடும் கணத்தில்தான் வழி திறக்கும், அந்த வழி நீங்கள். ஆர்.சி.சி.பி. அப்போது நேரத்தைக் குறைக்கும், அடியின் வேகத்தைக் குறைக்காது. கம்பி இருந்தால் ஹீட்டர் விரிசல் விட்ட கணத்திலேயே, யாரும் தொடும் முன்பே, மின்சாரம் நின்றுவிடும். இந்தப் பலன் பெரியது, இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த அறிவுரை நமக்கு வந்த வழியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மீன் வளர்ப்பாளர்கள் சொல்லிச் சொல்லிப் பரவியது இது. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் டால்ஸியல் 1961 இல் உருவாக்கிய கசிவுத் துண்டிப்பான் அங்கே ஈரமான இடங்களுக்கான சாக்கெட்டிலேயே வருகிறது, சுமார் 5 மில்லி ஆம்பியரில் விழுகிறது. அங்கே கம்பிக்குப் பின்னால் அந்தக் காவல் நிற்கிறது. இங்கே கம்பி மட்டும் தனியாக வந்து சேர்ந்திருக்கிறது.

நம் பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சில இடங்களில் எதுவுமே இல்லை. சில இடங்களில் எர்த் குழி காய்ந்து போயிருக்கிறது. குழியின் தடை 50 ஓம் என்று வையுங்கள். ஃப்ரிட்ஜின் உடலில் ஃபேஸ் பட்டால் ஓடுவது 4.6 ஆம்பியர்தான், அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஓடினால் மட்டுமே விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. வீட்டின் எர்த் முனைகள் அனைத்தும் கிட்டத்தட்ட 230 வோல்ட்டில் நிற்கும். உங்கள் தொட்டித் தண்ணீரும் அந்த வயரில்தான் கட்டப்பட்டிருக்கிறது. பம்ப்பில் குறையே இல்லாமல், சமையலறையின் குறை கூடத்துத் தொட்டிக்குள் வந்துவிடுகிறது. இதையும் மிஞ்சிய ஆபத்து, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கி விட்டிருக்கும் வேலை. நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த எர்த் முனை உயிருள்ள ஃபேஸ் ஆகிவிடும். இப்படிப்பட்ட வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டினால் ஓயாமல் விழும். விழுவதற்கான காரணத்தைத் தேடாமல் கருவியையே கழற்றிவிட்டுப் போவதும் நடக்கிறது.

டைட்டானியத்துக்குப் பதில் செம்புக் கம்பியைச் சீவி இறக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரையும் செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும்.

எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சரியாக இருக்கும் வீட்டிலும் ஒரு விலை உண்டு. நள்ளிரவில் ஹீட்டர் கெட்டு ஆர்.சி.சி.பி. விழுந்தால் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் சேர்ந்து நிற்கும். மே மாத வெப்பத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. நெருக்கமாக மீன் விட்ட தொட்டி விடியும் வரை தாங்குவது சந்தேகம். இதற்காகக் காவலைக் கைவிட வேண்டியதில்லை. ஹீட்டருக்கும் ஃபில்டருக்கும் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. (ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.யும் சேர்ந்த கருவி) வைக்கலாம், மின்சாரம் போனால் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை மாட்டி வைக்கலாம். சென்னையின் பெரும்பாலான மாதங்களில் ஹீட்டரே தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் மாற்றும்போது அணைக்க மறந்து, காற்றில் சூடேறி, மீண்டும் நீர் பட்டதும் விரியும் அந்தக் கண்ணாடிக் குழாய்தான் தொட்டியில் இருக்கும் ஆபத்துகளில் முதலாவது. கை விடும் முன் எல்லாப் பிளக்கையும் பிடுங்கும் பழக்கத்துக்கு இணையாக எந்தக் கம்பியையும் நான் வைக்க மாட்டேன்.

ஆகவே கம்பியை வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு சாக்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழுகிறது என்று காட்டினால் அதோடு விட்டுவிடாதீர்கள். எர்த் இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். குழியின் தடையைக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். வீட்டில் நல்ல லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் காட்டுவது இயல்பு. சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால், சாக்கெட்டைக் கழற்றி உள்ளே இரண்டையும் முறுக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.