நானூறு நாளில் நானூறு புள்ளி: ஒரு மறுவாசிப்பு

மைக்கேல் டி லா மாஸாவின் 'ரேபிட் செஸ் இம்ப்ரூவ்மென்ட்' புத்தகத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு இருபத்துமூணு வயசு. சென்னை நண்பர் ஒருவர் எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் பிரதி. இரண்டாம் தடவை படித்தது போன மாசம், நாற்பத்தொண்ணு வயசில். நடுவில் நான் மாஸ்டர் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமையில் எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

திரும்ப எடுத்ததற்குக் காரணம் மந்தாரக்குப்பத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஓர் அண்ணன். அவர் பொண்ணுக்குப் பதினாலு வயசு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரனை ஜெயித்து உலக சாம்பியன் ஆனதை டிவியில் பார்த்துவிட்டுத்தான் அவள் காய் நகர்த்தவே கற்றுக்கொண்டாள். இப்போது ரேட்டிங் 1500-க்குச் சற்று மேலே. கடைக்குப் போனபோது கேட்டார்: "சார், பாப்பாவ மாஸ்டர் ஆக்கிடலாமா? சென்னையில ஒரு கோச்சிங் சொல்றாங்க. வீட்ல நகை இருக்கு. வச்சுடலாம்னு பாக்கறேன்." ஒரு வாரம் டைம் கேட்டுவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாரத்து நோட்ஸ்தான்.

முதலில் புத்தகம். டி லா மாஸா ஒரு அமெரிக்க அமெச்சூர். வளர்ந்த ஆள், சின்னப் பையன் இல்லை. 1999 வாக்கில் அமெரிக்க ரேட்டிங்கில் 1300 சுற்றி இருந்தவர், இரண்டே ஆண்டில் 2000-ஐத் தாண்டினார். 2001-ல் வேர்ல்ட் ஓப்பன் போட்டியில் 2000-க்குக் கீழுள்ளோர் பிரிவை ஜெயித்து 10,000 டாலர் வாங்கினார். எப்படிச் செய்தேன் என்று எழுதிய கட்டுரைகள் 2002-ல் புத்தகமாக வந்தன. முறை ரொம்ப எளிது. ஆயிரம் டாக்டிக்ஸ் புதிர் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்றை 64 நாளில் முடிக்கணும். அதே புதிர்களை மறுபடி 32 நாளில், பிறகு 16, 8, 4, 2, கடைசியில் ஒரே நாளில். மொத்தம் 127 நாள், ஏழு சுற்று. ஓப்பனிங், பொசிஷன், எண்ட்கேம் நுணுக்கம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், உன் மட்டத்தில் ஆட்டங்கள் முடிவாவது யார் குதிரையை ஓசியில் விட்டான் என்பதில்தான் என்கிறார்.

இதில் பாதி உண்மை. ரெக்ரியேஷன் கிளப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். சிசிலியனில் பதினைந்து மூவ் மனப்பாடமாக ஆடிவிட்டு பதினாறாவதில் யானையைத் தூக்கிக் கொடுப்பவர்களை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அதில் முப்பது தடவையாவது அந்த ஆள் நானேதான். புத்தகம் வந்தபோது ஜெரிமி சில்மன் கடுமையாகத் தாக்கினார். சதுரங்கத்தைப் புரிந்துகொள்வது என்ற சங்கதியே இதில் இல்லை என்பது அவர் தரப்புக் கோபம். நியாயம்தான். ஆனால் சில்மன் மாதிரி ஆட்கள் எழுதிய புத்தகங்களைப் படித்து என் ரேட்டிங் ஏறியதை விட, ஆறு மாசம் புதிர் போட்டபோதுதான் ஏறியது.

என் புகார் வேறு. இந்த 127 நாளை யாருடைய நாள் என்று புத்தகம் ஒரு இடத்தில்கூடக் கேட்கவில்லை. கடைசி நாளைக் கணக்குப் போடுங்கள். ஒரு புதிருக்கு அரை நிமிஷம் என்றாலும் ஆயிரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முந்தின சுற்று, இரண்டு நாள், நாளுக்கு ஐநூறு. எங்க அப்பா முதல் சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் வேலை பார்த்தவர். ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து குளித்துவிட்டு, என்னை கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போட்டிக்குக் கூட்டிப்போவார். நான் உள்ளே ஆடுவேன், அவர் வராண்டாவில் துண்டை விரித்துத் தூங்குவார். அவரும் கிளப்பில் நல்லா ஆடுகிறவர்தான். அவருக்கு யாராவது "64 நாள், 32 நாள்" என்று சொல்லியிருந்தால் ஷிப்ட் சார்ட்டைத்தான் காட்டியிருப்பார்.

இன்னொன்று, ஒரே ஒரு ஆளின் கதையை முறையாக்குவது. டி லா மாஸா ஜெயித்தார், சரி. அதே ஏழு சுற்றைப் போட்டு 1400-லேயே நின்றவர்கள் புத்தகம் எழுதுவதில்லை. அதோடு, பலரும் மறந்துவிடுவது: அவர் மாஸ்டர் ஆகவே இல்லை. அமெரிக்கக் கணக்கில் தேசிய மாஸ்டருக்கு 2200 வேண்டும். 2000-ஐத் தாண்டி, பரிசை வாங்கிக்கொண்டு, போட்டி ஆடுவதையே நிறுத்திவிட்டார். மாஸ்டர் கனவுக்காரர்கள் இருபது வருஷமாகக் கையில் வைத்திருக்கும் புத்தகம், அந்தக் கனவைத் துரத்தாத ஆள் எழுதியது. அவர்தான் புத்திசாலியோ என்று எனக்கு இந்தத் தடவை தோன்றியது.

ஒரே ஆள் கதைக்கு மாற்றாக ஒரு ஆய்வைச் சொல்லலாம். கில்லெர்மோ காம்பிடெல்லி, ஃபெர்னாண்ட் கோபே இருவரும் 2007-ல் வெளியிட்டது. புவனோஸ் ஐரெஸில் 104 ஆட்டக்காரர்களிடம், எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார்கள். மாஸ்டர் மட்டத்துக்கு வந்தவர்களின் சராசரி சுமார் 11,000 மணி நேரம். சராசரியை விடுங்கள், விளிம்புகளைப் பாருங்கள். ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமாயிருந்தது. இன்னொருவருக்கு 23,000-க்கும் மேல். தினம் ரெண்டு மணி நேரம் என்று வைத்தால் ஒருத்தருக்கு நாலு வருஷம், இன்னொருத்தருக்கு முப்பத்திரண்டு வருஷம். அதைவிட அதிக நேரம் போட்டும் மாஸ்டர் ஆகாதவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. உழைத்தால் வரும் என்பது பொய்யில்லை. எப்போது வரும் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது.

அதே ஆய்வில் ஒரு எண்ணைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்தேன். பன்னிரண்டு வயசுக்குள் தீவிரமாக ஆடத் தொடங்கியவர்களில் நாலில் ஒருவர் சர்வதேசத் தரத்தை எட்டினார். அதற்குப் பிறகு தொடங்கியவர்களில் 55-ல் ஒருவர். கடைக்காரர் பொண்ணு தொடங்கியது பதிமூணில். இந்த எண்ணை அவரிடம் சொல்வதா? தாமதமாக வந்தவர்கள் இல்லாமலில்லை. சீனாவின் யே ஜியாங்சுவான் பதினேழு வயசில்தான் நம்ம செஸ் கற்றார், கிராண்ட்மாஸ்டரும் ஆனார். ஆனால் அவர் அதற்கு முன் சீனச் சதுரங்கம் ஆடியவர், பின்னால் அரசே சோறு போட்டு ஆட வைத்தது. நகையை வைத்து ஆடியவர் இல்லை.

பட்டம் என்பதே காலத்துக்குக் காலம் வேறு பொருள். மானுவேல் ஆரோன் 1961-ல் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனபோது ஃபிடேயில் ரேட்டிங்கே கிடையாது, அது 1970-ல்தான் வந்தது. மண்டலப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் பர்டியை ஜெயித்து வாங்கினார். மறு வருஷம் ஸ்டாக்ஹோம் இன்டர்ஸோனலில் கடைசி இடம், ஆனால் அதே போட்டியில் போர்ட்டிஷையும் ஊல்மனையும் வீழ்த்தினார். நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டித் தோண்டி லிக்னைட் படிவம் வெளிப்பட்டதும் அதே 1961-தான். சம்பந்தமில்லைதான், ஊர்க்காரனுக்கு இப்படித்தான் தோன்றும். பிறகு 1988-ல் ஆனந்த் கோயம்புத்தூரில் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை உறுதி செய்தபோது நாட்டுக்கே அவர்தான் முதல் ஆள். இப்போது எண்பதைத் தாண்டியாச்சு. மிர் சுல்தான் கானுக்கு அவர் இறந்து 58 வருஷம் கழித்து, 2024-ல், கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் தந்தார்கள். அவர் ஆட்டம் அதனால் ஒரு துளி மாறவில்லை.

இன்று அமெச்சூர் கைக்கு எட்டுவது ரேட்டிங்கை மட்டும் வைத்துத் தரும் பட்டங்கள்: 2200-க்கு கேண்டிடேட் மாஸ்டர், 2300-க்கு ஃபிடே மாஸ்டர். அதற்கு மேல் போனால் நார்ம் வேண்டும், வெளிநாட்டு ஆட்டக்காரர் வேண்டும், பட்டம் வைத்திருப்பவர்கள் வேண்டும், அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும். (இணையத்தில் காசு கட்டி வாங்கும் அரீனா பட்டங்கள் தனி. 1100-லிருந்தே ஏதாவது ஒன்று கிடைக்கும். அதற்கும் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள்.)

என் கணக்கையே சொல்கிறேன். 2024 மார்ச் 1-ம் தேதி ஃபிடே 2000-க்குக் கீழே இருந்த எல்லோரையும் தூக்கிவிட்டது. 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நாற்பது சதவீதம் இலவசம். நான் 1684, காலையில் எழுந்தால் 1810. ஆயிரத்தில் இருந்தவனுக்கு ஒரே ராத்திரியில் நானூறு புள்ளி. டி லா மாஸா நானூறு நாள் கஷ்டப்பட்டிருக்கவே வேண்டாம்! வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ரேட்டிங் என்பது ஒருவருடைய ஆட்டத்தின் அளவு மட்டுமில்லை, மற்றவர்களோடு அவர் நிற்கும் வரிசை. வரிசையையே நகர்த்தினால் எல்லோரும் நகர்வார்கள், யாரும் நல்லா ஆட ஆரம்பித்துவிட மாட்டார்கள்.

அந்த 1810-லிருந்து 2200-க்கு 390 புள்ளி. பெரியவர்களுக்குக் கே காரணி 20. அதாவது எதிர்பார்ப்பை விட பத்தொன்பதரை பாயிண்ட் கூடுதலாக எடுக்கணும். வருஷத்துக்கு ஆறு போட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பாயிண்ட் கூடுதல் என்றால்கூட மூணேகால் வருஷம், அதுவும் ஒரு போட்டிகூடச் சறுக்காமல். எதிரில் உட்காருவது யார்? முந்நூறு புள்ளி குறைவான ஒன்பது வயசுப் பையன். அவனிடம் தோற்றால் எனக்கு 17 போகும். அவனுக்குக் கே 40, அதனால் 34 ஏறும். அவன் உண்மையான பலம் ரேட்டிங்கை விட அதிகம், அவன் ரேட்டிங் அதைத் துரத்திக்கொண்டு வருகிறது. போன ஜனவரியில் புதுச்சேரியில் அப்படி ஒருத்தன் என்னை முப்பத்தொரு மூவில் முடித்துவிட்டு "தேங்க்யூ அங்கிள்" என்றான். பஸ்ஸில் ரெண்டு மணி நேரம் அந்த 'அங்கிள்'தான் காதில் கேட்டது.

ஆனால் இதே கணக்கு அந்தப் பொண்ணுக்கு நேர்மாறு. பதினெட்டு வரை அவளுக்கும் கே 40. பெண்களுக்கான கேண்டிடேட் மாஸ்டர் 2000-ல், ஃபிடே மாஸ்டர் 2100-ல். 1500-லிருந்து 2000-க்குக் கூடுதலாக வேண்டியது பன்னிரண்டரை பாயிண்ட். நாலு வருஷம் கையில் இருக்கிறது. 55-ல் ஒருவர் என்ற எண் சர்வதேசத் தரத்தைப் பற்றியது. அதோடு தாமதமாக வந்ததாலேயே முடியவில்லையா, தாமதமாக வந்தவர்களுக்கு நேரமும் உதவியும் குறைவாக இருந்ததால் முடியவில்லையா என்று அந்த ஒரு எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்ச் சொன்னேன். "அண்ணே, நகைய வைக்காதீங்க. கிராண்ட்மாஸ்டர்னு யாராவது உறுதி சொன்னா நம்பாதீங்க. சின்னப் பட்டம் ஒண்ணு நாலு வருஷத்துல வரலாம், வராமலும் போகலாம். புதிர் நான் தரேன், வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் அனுப்புங்க. போட்டிக்கு மட்டும் செலவு பண்ணுங்க, வருஷத்துக்கு ஆறு." அவர் முகத்தில் திருப்தி இல்லை. கோச்சிங் ஆள் இன்னும் உற்சாகமாகப் பேசியிருப்பார் போல. "யோசிக்கறேன் சார்" என்றார்.

பொண்ணு கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் புதிர் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு சுற்று முறையைச் சொன்னேன். எத்தனை நாள் என்று கேட்டாள். 127 என்றேன். கேலண்டரை எடுத்து அரையாண்டுப் பரீட்சை எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துவிட்டு, "கடைசி ஒரு நாள் வேணாம் அங்கிள், அத ரெண்டு நாளா வச்சுக்கலாமா?" என்றாள். வச்சுக்கலாம் என்றேன். செவ்வாய்க்கிழமை வந்தாள். முதல் பதினாறு புதிரில் பதினொண்ணு சரி.