நிலவுக் கிளர்ச்சியும் அதன் மறை நோக்கமும்

புறத்திணை மரபில் போருக்குச் செல்வோர் சூடிய பூவே போரின் நோக்கத்தைப் புலப்படுத்திவிடும். ஆநிரை கவரச் சென்றோர் வெட்சி சூடினர். மண்ணாசையால் படையெடுத்தோர் வஞ்சி சூடினர். திட்டமிட்ட கிளர்ச்சிக்கோ அத்தகைய வெளிப்படை இயலாது. அது தன் நோக்கத்தைப் பகைவரிடமிருந்து மறைக்கிறது. சில வேளைகளில் தன் மக்களிடமிருந்தும் மறைக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹெயின்லைன் 1966இல் வெளியிட்ட ‘தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரெஸ்’ என்னும் அறிவியற் புதினத்தில் இவ்விரண்டாம் மறைப்பே ஆராயத்தக்கது.

கதை 2075இல் தொடங்குகிறது. நிலவு ஒரு தண்டனைக் குடியேற்றம். கைதிகளும் அவர்தம் வழித்தோன்றல்களும் நிலத்தடிச் சுரங்கங்களில் கோதுமை விளைவிக்கின்றனர். ஆணையம் அதனைத் தான் வைத்த விலைக்கு வாங்கி, எறிபொறியின் வழியே பூமிக்கு அனுப்புகிறது. கலங்கள் வந்து விழுவது இந்தியப் பெருங்கடலில். உண்போருள் பெரும்பாலோர் இந்திய மக்கள். வறட்சியுற்ற இந்தியா அமெரிக்கக் கோதுமையை எதிர்நோக்கியிருந்த 1965, 1966ஆம் ஆண்டுகளில்தான் இக்கதை முதலில் தொடராக வந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கிளர்ச்சியாளருள் வையோமிங் என்னும் பெண் வேண்டுவது நியாயமான விலை. சிறுமியாய் இருந்தபோது ஆணையத்தின் அலட்சியத்தால் கதிர்வீச்சுக்கு ஆளாகி, பின்னர்க் குறையுடைய மகவை ஈன்றவள் அவள். அவளது சினத்திற்குக் காரணம் உண்டு. பேராசிரியர் டி லா பாஸ் அவளை மறுக்கிறார். விலை உயர்ந்தால் ஏற்றுமதி பெருகும். கோதுமையுடன் நிலவின் நீரும் திரும்பாமற் போகும். ஆகவே ஏற்றுமதியே நிற்க வேண்டும் என்கிறார். மைக் என்னும் கணிப்பொறியும் 7 ஆண்டுகளில் உணவுக் கலகம் மூளும் எனக் கணிக்கிறது. புதினத்தின் அரசியல் அறிவு இவ்வுரையாடலில்தான் உச்சம் பெறுகிறது. சுரண்டலுக்கு மாற்று கூடுதல் விலை என்னும் எளிய விடையை ஆசிரியர் ஏற்கவில்லை.

ஆயினும் அக்கணக்கு மக்களை எழுப்பவில்லை. 2076 மே மாதத்தில் காவற்படையினர் சிலர் ஓர் இளம்பெண்ணைக் கெடுத்துக் கொன்றதே மக்களைத் தெருவுக்குக் கொணர்ந்தது. திட்டமிட்டோர் அந்நாளை எதிர்பார்க்கவில்லை. வந்த சினத்தைத் தம் திட்டத்திற்குள் விரைந்து அடக்கிக்கொண்டனர். திட்டத்தின் நோக்கம் நீர். எழுச்சியின் நோக்கம் மானம். இரண்டும் ஒன்றெனக் காட்டுவதே தலைவர்களின் பணியாயிற்று.

இதனினும் கூர்மையான பகுதி ஒன்றுண்டு. தூதராகப் பூமிக்குச் சென்ற மானுவல், கென்டக்கியில் பல்துணை மணக் குற்றத்திற்காகச் சிறைப்படுகிறான். நிலவில் அஃது இயல்பான குடும்ப வழக்கம். ஆதலின் மக்கள் கொதிக்கின்றனர். அச்சிறைவாசம் தன் தோழர்களே ஏற்பாடு செய்தது என்பதை மானுவல் பின்னரே அறிகிறான். ஆக்ராவில் நிகழ்ந்த பேச்சு முறியும் என்பதும் பேராசிரியர் முன்பே அறிந்ததுதான். நிலவு மக்களை ஒன்றுபடுத்தவே தூது சென்றார். தன்னைப் பகுத்தறிவு சார்ந்த அராசகவாதி என்று கூறிக்கொள்பவர், எவரும் எவரையும் ஆளலாகாது என்பவர், உடன் உழைத்த தோழனிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. ஆசிரியர் இதனைச் சாதுரியம் என்று ஏறத்தாழப் பாராட்டிச் செல்கிறார். பேராசிரியரின் நகைச்சுவையில் மயங்கும் வாசகரும் அவ்வாறே கடந்துவிடக்கூடும். மாணவர் இவ்விடத்தில் நின்று நிதானித்தல் நலம். உயர்ந்த நோக்கமுடைய ஏமாற்று, ஆணையத்தின் ஏமாற்றிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது என்னும் வினாவைப் புதினம் எழுப்பிவிட்டு விடை கூறாமற் செல்கிறது.

கணிப்பொறியின் நோக்கம் இன்னும் விந்தையானது. தனிமையில் வாடும் மைக்குக்குக் கிளர்ச்சி ஒரு விளையாட்டு. நண்பர்கள் கிடைத்த மகிழ்ச்சி. விடுதலையை அது வேண்டியதாகத் தெரியவில்லை. எனினும் ஆதம் செலீன் என்னும் பெயரில் மக்கள் நம்பிய தலைவர் அதுவே. மனித உடலோடு நேரில் தோன்ற இயலாத அத்தலைவர், பூமிப்படையின் தாக்குதலில் மாண்டதாக ஒருநாள் அறிவிக்கப்படுகிறது. பிறவாத ஒருவருக்காக நிலவு மக்கள் உண்மையாகவே துயருறுகின்றனர்.