உயிருள்ள ஏடும் பாடவேறுபாடும்: பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் எழுதப்பட்ட பனுவல்கள் குறித்த ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: டி.என்.ஏ., பாக்டீரியா, படியெடுத்தல், பாடவேறுபாடு, மூலபாடம்

முன்னுரை

எண்ணிமத் தரவை டி.என்.ஏ.வில் பொதிந்துவைக்கும் முயற்சிகள் இருவகைப்படும். செயற்கையாகத் தொகுக்கப்பட்ட டி.என்.ஏ.வை உலர்நிலையில் பாதுகாப்பது ஒன்று. அதனை உயிருள்ள பாக்டீரியாவினுள் செலுத்தி, அது பெருகுந்தோறும் தரவும் படியெடுக்கப்படுமாறு செய்வது மற்றொன்று. இரண்டாவது வகையைப் பேசுவோர் 'அழியாத ஆவணம்' என்னும் உருவகத்தை விரும்பிக் கையாளுகின்றனர். அவ்வுருவகம் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. இத்தகைய பனுவல்களைக் கல்வெட்டோடு ஒப்பிடுவதைக் காட்டிலும், தலைமுறைதோறும் படியெடுக்கப்படும் சுவடியோடு ஒப்பிடுவதே தகும் என்பது இதன் கருதுகோள்.

பிழையைப் பொருளாக்கிய படைப்பு

எடுவார்டோ காக் என்னும் கலைஞரின் 'ஜெனிசிஸ்' 1999இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. உயிரினங்கள் மீது மனிதனுக்கு ஆளுகை உண்டெனக் கூறும் விவிலியத் தொடர் ஒன்றை அவர் மோர்ஸ் குறியீட்டுக்கு மாற்றினார். பின்னர்க் கோட்டுக்குத் தைமின், புள்ளிக்குச் சைட்டோசைன், சொல்லிடைவெளிக்கு அடினைன், எழுத்திடைவெளிக்குக் குவானைன் என வகுத்து, அதனைப் பாக்டீரியாவில் இடச்செய்தார். இணையவழிப் பார்வையாளர் புற ஊதா விளக்கை இயக்கலாம். அக்கதிர் சடுதிமாற்றத்தை விரைவுபடுத்தும். காட்சி முடிந்து மீண்டும் வாசித்தபோது தொடரின் சில எழுத்துகள் திரிந்திருந்தன. ஆளுகையைப் பேசிய தொடர், ஆளப்படும் உயிரின் உடலிலேயே சிதைந்தது. பாடவேறுபாட்டைக் குறையாகக் கருதாமல் பொருளாகவே கொண்டமை இப்படைப்பின் வலிமை.

மூலபாடத்தில் நேர்ந்த பிழை

2010இல் கிரெய்க் வென்டர் குழுவினர், செயற்கையாகத் தொகுத்த மரபணுத்தொகுதியால் இயங்கும் மைக்கோபிளாஸ்மா செல்லை அறிவித்தனர். அத்தொகுதியில் அடையாளக் குறிகளாக ஆய்வாளர் பெயர்களும் சில மேற்கோள்களும் பொதியப்பட்டிருந்தன. அவற்றுள் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மனின் கூற்று பிழையாக இடம்பெற்றிருந்தது. அவருடைய கரும்பலகையின் ஒளிப்படத்தைக் கொண்டு கால்டெக் நிறுவனத்தார் அதனைச் சுட்டிக்காட்டினர். பிழை செய்தது பாக்டீரியா அன்று. அதற்கு மூலத்தை வழங்கிய மனிதரே. பிழைபட்ட மூலத்தையும் செல் பிழையின்றியே படியெடுக்கும். படியின் துல்லியம் மூலத்தின் செம்மைக்குச் சான்றாகாது.

ஒப்புநோக்கி மீட்டல்

ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் மசாரு தொமித்தா குழுவினர் 2007இல் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையும் 1905 என்னும் ஆண்டையும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் பதித்தனர். ஒரே செய்தியை மரபணுத்தொகுதியின் பல இடங்களில் வைத்து, அப்படிகளை ஒப்பிட்டு மீட்கும் முறையை அவர்கள் முன்வைத்தனர். 2017இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், மைபிரிட்ஜின் ஓடும் குதிரைப் படங்களில் ஐந்தைக் கிரிஸ்பர் நுட்பத்தால் ஈ.கோலை பாக்டீரியாக்களில் பதித்து, ஏறத்தாழ 90 விழுக்காடு துல்லியத்துடன் மீட்டனர். இங்கு முழுப்படமும் எந்தத் தனிச் செல்லிலும் இல்லை. பல செல்களின் துண்டுகளைச் சேர்த்தே அது உருப்பெறுகிறது. இவ்விரு ஆய்வுகளும் நடைமுறையில் பதிப்பாசிரியரின் பணியையே செய்கின்றன. எந்த ஒரு படியையும் அவை முழுமையாக நம்புவதில்லை.

அழியாமை என்னும் வாக்குறுதி

கனடாக் கவிஞர் கிறிஸ்டியன் புக்கின் 'ஜெனோடெக்ஸ்ட்' திட்டம், கடுங்கதிர்வீச்சையும் தாங்கும் டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் பாக்டீரியாவில் கவிதை எழுதி, மனித இனத்துக்குப் பின்னும் அதனை நிலைக்கச் செய்ய முனைவது. அதன் முதல் தொகுதி 2015இல் நூலாக வெளிவந்தது. கவிதையைச் சுமக்கும் மரபணு உருவாக்கும் புரதம் மறுமொழியாக மற்றொரு கவிதையாகும் என்னும் அமைப்பு வியப்புக்குரியது. ஆயினும் இரு மறுப்புகள் எழுகின்றன. முதலாவது, எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்னும் திறவுகோல் செல்லுக்கு வெளியே உள்ளது. அது மறையின் எஞ்சுவது வேதிப்பொருளேயன்றிக் கவிதையன்று. இரண்டாவது, பாக்டீரியா மிகத் திருத்தமான எழுத்தர்தான்; படியெடுப்பில் அதன் பிழை மிக அரிது. ஆனால் அப்பனுவல் அதற்குத் தேவையில்லை. பயனற்ற சுமையை இழந்த செல், சுமந்து நிற்கும் செல்லை முந்திப் பெருகக்கூடும். எனவே உயிருள்ள ஏட்டுக்கு நேரும் பேரிடர் கைப்பிழையன்று, எழுத்தரின் அக்கறையின்மையே.

முடிவுரை

உயிருள்ள செல்லில் பனுவல் நிலைப்பதில்லை, தொடர்கிறது. நிலைத்தலுக்குப் பொருளின் உறுதி போதும். தொடர்தலுக்கோ மூலத்தைச் சரிபார்ப்போரும், படிகளை ஒப்பிடுவோரும், திறவுகோலைக் காப்போரும் வேண்டும். மனித எழுத்தர் ஒரு பனுவலைப் படியெடுத்தது அது அவர்க்கு வேண்டியிருந்ததால். பாக்டீரியாவுக்கு அவ்வேண்டுதல் இல்லை. அதனை ஈடுசெய்ய வேண்டியோர் வாசிப்போரே. ஆகவே இத்துறையின் ஆய்வுகள் கொள்ளளவையும் ஆயுளையும் மட்டும் கணக்கிடாது, பாடத்தூய்மையைக் காக்கும் நெறிகளையும் வகுத்தல் வேண்டும். அந்நெறிகளை வகுப்பதில் சுவடிப்பதிப்புத் துறையின் பட்டறிவு உயிரியலாளர்க்கும் பயன்படும்.