மிகுபுனைவு, திகில், சுயமுன்னேற்றம்: எப்படி ரசிப்பது?

ஒரு நூலைப் படித்து முடித்தவர் அதைப் பற்றிச் சொல்லும் முதல் கருத்து பெரும்பாலும் பிடித்தது, பிடிக்கவில்லை என்ற இரண்டில் ஒன்றாகவே அமைகிறது; அதில் பிழை ஏதும் இல்லையென்றாலும், அக்கருத்து நூலைக் காட்டிலும் வாசகரின் அன்றைய மனநிலையைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது. மிகுபுனைவு நாவல், திகில் கதை, சுயமுன்னேற்ற நூல் ஆகியவற்றை அடுத்தடுத்து வாசிப்பவர் மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முற்பட்டால் மூன்றுக்குமே அநீதி நேர்கிறது. டிராகன் பறக்கும் நாவலை ‘இதெல்லாம் நடக்கிற காரியமா’ என்று ஒதுக்குவதும், பேய் கடைசிவரை கண்ணில் படவில்லை என்பதற்காகத் திகில் கதையை ஏமாற்று என்பதும், சொல்லப்பட்ட சம்பவங்கள் சுவையாக இருந்தன என்பதற்காகச் சுயமுன்னேற்ற நூலின் அறிவுரைகளை அப்படியே ஏற்பதும் அத்தகைய அநீதிகளே. இம்மூவகை நூல்களும் வாசகரிடம் நம்பிக்கையைக் கோருகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் கோரும் நம்பிக்கை வேறு. எந்த நூல் எவ்வகை நம்பிக்கையைக் கேட்கிறது, கேட்பதற்கான தகுதியை எப்படி ஈட்டிக்கொள்கிறது என்று கவனிக்கப் பழகியவருக்கு இவற்றின் சுவை பன்மடங்கு கூடும்.

மிகுபுனைவு என்பது, நடைமுறை உலகின் விதிகளுக்கு உட்படாத நிகழ்வுகளை, கனவென்றோ உருவகமென்றோ சமாதானம் சொல்லாமல், அந்தக் கதையுலகில் மெய்யாகவே நடப்பவையாக முன்வைக்கும் புனைவு. இத்தகைய எழுத்தை வாசிக்கும் மனநிலையை விளக்க, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல், அவநம்பிக்கையை மனமுவந்து ஒத்திவைப்பது என்ற கருத்தை முன்வைத்தார். ஆனால் ‘தி ஹாபிட்’ நாவலை 1937இல் வெளியிட்டிருந்த டோல்கீன், 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையில் அந்த விளக்கம் போதாது என்று வாதிட்டார். கதாசிரியர் ஓர் இரண்டாம் உலகத்தை, அதாவது தனக்கென விதிகளைக் கொண்ட இன்னோர் உலகத்தைப் படைக்கிறார். வாசகர் அதற்குள் இருக்கும்வரை, அவ்வுலக விதிகளுக்குப் பொருந்துவதெல்லாம் அவருக்கு உண்மையே. அவநம்பிக்கை எழுந்துவிட்டால் அவர் வெளியே தள்ளப்பட்டுவிட்டார் என்று பொருள், அதன்பிறகு அவநம்பிக்கையை ஒத்திவைப்பதெல்லாம் தோற்றுப்போன கலைக்கு வாசகர் காட்டும் தாட்சண்யம் மட்டுமே என்பது டோல்கீனின் வாதம். இந்த வாதத்திலிருந்து வாசகர் எடுத்துக்கொள்ளத்தக்க கேள்வி ஒன்று உண்டு: இக்கதை தன் விதிகளுக்குத் தானே கட்டுப்படுகிறதா?

அக்கேள்வியைக் கேட்டுப் பார்க்க உர்சுலா கே. லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ மிகப் பொருத்தமான நாவல். எண்ணற்ற தீவுகளாலான அவ்வுலகில் ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அப்பெயரை அறிந்தவருக்கு அப்பொருளின் மீது ஆற்றல் உண்டு. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பயிலும் கெட் என்ற சிறுவன், கூழாங்கல்லை வைரமாகத் தோன்றச் செய்யும் கண்கட்டு வித்தையைக் கற்றபின், அந்த வைரம் வைரமாகவே நிலைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்கிறான். அதற்குக் கல்லின் மெய்ப்பெயரையே மாற்ற வேண்டும் என்றும், உலகின் மிகச் சிறிய துணுக்கை மாற்றினாலும் அது உலகையே மாற்றுவதாகும் என்றும், விளைவு இன்னதென்று அறியாமல் ஒரு மணலைக்கூட மாற்றலாகாது என்றும் ஆசிரியர் விளக்குகிறார். அவசரமாகப் படிப்பவர் இதை வழக்கமான குரு உபதேசம் என்று கடந்துவிடக்கூடும். ஆனால் நாவலின் சட்டதிட்டம் முழுவதும் இந்தச் சிறிய உரையாடலில்தான் இருக்கிறது. பின்னர் கெட் செருக்கினால் இறந்த ஒருத்தியின் ஆவியை அழைக்கும்போது, கிழிந்த இருளின் வழியே ஒரு நிழல் வெளியேறுகிறது. அந்தப் பிளவை மூடிய தலைமை மந்திரவாதி உயிரிழக்கிறார். கெட்டின் முகத்தில் வாழ்நாள் முழுவதும் மறையாத வடு விழுகிறது. மந்திரத்துக்கு விலை உண்டு, அதைச் செய்தவர் மட்டுமன்றி மற்றவர்களும் அதைக் கொடுக்க நேரிடும் என்ற விதியை ஆசிரியை எங்கும் தளர்த்துவதில்லை. நெருக்கடி வரும்போதெல்லாம் நாயகனுக்குப் புதிய ஆற்றல் ஒன்று முளைக்கும் நாவல்களோடு ஒப்பிட்டால், இந்தக் கண்டிப்பின் அருமை விளங்கும்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது மொழி. லெ குவின் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில், வேறொரு மிகுபுனைவு நாவலின் உரையாடல் பகுதியை எடுத்துக்கொண்டு, சில சொற்களை மட்டும் மாற்றி, அதை வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாக ஆக்கிக் காட்டினார். அரசவைப் பிரபுக்களின் பேச்சு அவ்வளவு எளிதாக அலுவலகப் பேச்சாக மாறிவிடுமானால், அந்த அரசவை உண்மையில் படைக்கப்படவே இல்லை என்பது அவர் கருத்து. இச்சோதனையை எந்த வாசகரும் செய்து பார்க்கலாம்: ஒரு பக்கத்தில் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் மாற்றிவிட்டால் அது பக்கத்துத் தெரு உரையாடலாகிவிடுகிறதா என்று பார்த்தாலே, வரைபடமும் வம்சாவளியும் இணைத்து அச்சிட்ட பல தடித்த நூல்களின் உலகம் எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்துவிடும். சூசன்னா கிளார்க்கின் ‘பிரனேசி’ (2020) அச்சோதனையில் முழுமையாகத் தேறும் அண்மைக்கால நாவல். கடலலைகள் புகுந்து வெளியேறும் எண்ணற்ற கூடங்களில் தனியே வாழும் கதைசொல்லியின் நாட்குறிப்பு நடை, அந்தக் கூடங்களை விட்டால் வேறெங்கும் பிறக்க முடியாத நடை.

திகில் இலக்கியம் கோரும் நம்பிக்கை இதற்கு நேர்மாறானது. மிகுபுனைவின் வாசகர் நம்ப விரும்பி உள்ளே நுழைகிறார். திகில் கதையின் வாசகரோ நம்ப மறுத்துக்கொண்டே படிக்கிறார், அந்த மறுப்பைச் சிறிது சிறிதாகக் கரைப்பதுதான் எழுத்தாளரின் வேலை. பிரெஞ்சு மொழியில் எழுதிய திறனாய்வாளர் த்ஸ்வெதான் தொதரோவ் 1970இல் வெளியிட்ட நூலில் இத்தகைய கதைகளின் உயிர்நிலை தயக்கமே என்று வரையறுத்தார். நடந்ததற்கு இயல்பான விளக்கம் உண்டா, அல்லது அது மனித அறிவுக்கு அப்பாற்பட்டதா என்று முடிவெடுக்க முடியாமல் வாசகர் நிற்கும் நிலையையே அவர் தயக்கம் என்றார். விடை உறுதியானவுடன் கதை வேறொரு வகைக்குள் போய்விடுகிறது. ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ 1898இல் வெளிவந்தது. அதில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் இளம்பெண் காணும் ஆவிகள் மெய்யா, அவளுடைய மனத்தின் படைப்பா என்ற விவாதம் நூறாண்டைக் கடந்தும் முடியவில்லை. தமிழில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ இந்தத் தயக்கத்தின் மேல் கட்டப்பட்ட கதை. கதைசொல்லி ஓர் எழுத்தாளர் என்பதால், அவர் சொல்வதைக் கற்பனை என்று தள்ளும் வசதியை ஆசிரியர் வாசகருக்கு முதலிலேயே கொடுத்துவிடுகிறார். பிறகு இரவில் காரணம் தெரியாமல் வந்து மறையும் வாசனையைக் கொண்டு அந்த வசதியை மெல்லப் பறிக்கிறார். கண்ணால் கண்டதை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்கலாம், வந்துபோன வாசனைக்குச் சாட்சி கிடையாது. திகில் கதையில் எப்புலனின் வழியே ஐயம் நுழைகிறது என்று கவனிப்பது இதனால்தான் பயன் தருகிறது.

அச்சத்தையும் அருவருப்பையும் பிரித்தறிவது இவ்வகை ரசனையில் இன்றியமையாத பயிற்சி. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளில், அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் நிலைகளில், அச்சத்தையும் இளிவரலையும் தனித்தனியே வைக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கையும், இளிவரல் பிறக்கும் இடங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கையும் சொல்கிறது. ஐரோப்பியத் திகில் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான ஆன் ராட்கிளிஃப், அவர் மறைந்தபின் 1826இல் வெளியான கட்டுரையில், இன்னதென்று தெளியாத ஒன்றைப் பற்றிய அச்சம் உள்ளத்தை விரித்துப் புலன்களை விழிக்கச் செய்கிறது, கண்ணெதிரே கிடக்கும் கோரம் உள்ளத்தைச் சுருக்கி உறையவைக்கிறது என்று வேறுபடுத்தினார். ஸ்டீபன் கிங் 1981இல் வெளிவந்த தம் ‘டான்ஸ் மகாப்ரே’ நூலில் மூன்று படிகளைச் சொல்கிறார்: காணாததன் பீதி, கண்டதன் கோரம், வெறும் அருவருப்பு. முதலாவது கைகூடாதபோது இரண்டாவதையும், அதுவும் கைகூடாதபோது மூன்றாவதையும் நாடுவதாக அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். ரத்தமும் நிணமுமாகப் பக்கங்களை நிரப்பும் நூல்கள் பெரும்பாலும் மூன்றாம் படியிலேயே தொடங்கிவிடுவதால் அவற்றுக்கு ஏறுவதற்குப் படி மிஞ்சுவதில்லை.

முதற்படியின் உச்சம் ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ (1959). அந்த வீட்டில் எந்த மூலையும் சரியான கோணத்தில் கட்டப்படவில்லை. ஒவ்வொரு கோணமும் நூலிழை பிசகியிருப்பதால் கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்கின்றன. எலெனாரும் தியோடோராவும் ஓர் அறையில் தனித்தனிக் கட்டில்களில் படுத்திருக்கும் இரவில், அடுத்த அறையிலிருந்து முணுமுணுப்பும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்கின்றன. இருட்டில் எலெனார் தன் தோழியின் கையை எலும்பு நோகும்படி இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறாள். விளக்கு எரியும்போது தியோடோரா எட்டத்திலுள்ள தன் கட்டிலில் அப்போதுதான் விழித்தெழுகிறாள், அப்படியானால் தான் பற்றியிருந்தது யாருடைய கை என்று எலெனார் திடுக்கிடுகிறாள். இக்காட்சியில் பேய் இல்லை, உருவம் இல்லை. துணையாக இருந்த ஒன்றே அச்சத்தின் ஊற்றாக மாறிவிடுவதுதான் இதன் நுட்பம். முப்பத்திரண்டு வயதான எலெனார், நோயுற்ற தாய்க்குப் பதினோர் ஆண்டுகள் பணிவிடை செய்தே இளமையைக் கழித்தவள் என்றும், தனக்கென ஒரு கை கிடைக்காதா என்று ஏங்கியவள் என்றும் நாவலின் முற்பகுதி பதிவுசெய்திருப்பதை நினைவில் வைத்திருப்பவருக்கே இக்காட்சியின் முழுக் கொடுமையும் உறைக்கும். எனவே நல்ல திகில் நாவலை இரண்டு முறை படிக்க வேண்டும்: முதன்முறை தனிமையில், இடைவிடாமல், அச்சத்துக்கு முழுமையாக ஆட்பட்டு; இரண்டாம் முறை பகல் வெளிச்சத்தில், அந்த அச்சத்துக்கான விதை எந்தப் பக்கத்தில் எவ்வளவு சாதாரணமான வாக்கியத்தில் ஊன்றப்பட்டது என்று தேடிக்கொண்டு.

சுயமுன்னேற்ற நூலை ரசிப்பது மற்ற இரண்டைவிடக் கடினம், ஏனெனில் அது கேட்கும் நம்பிக்கை நூலுக்கு வெளியே, வாசகரின் வாழ்க்கையில் செலவழிக்கப்படுவது. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட ‘செல்ஃப் ஹெல்ப்’ இவ்வகைக்குப் பெயரளித்த நூல். டேல் கார்னகியின் புகழ்பெற்ற நூல் 1936இல் வந்தது. அமெரிக்காவின் வெற்றி நூல்களை ஆராய்ந்த ஸ்டீபன் கோவி, பழைய நூல்கள் நேர்மை, பொறுமை போன்ற குணங்களை வளர்க்கச் சொன்னதையும், முதல் உலகப் போருக்குப் பிந்தியவை பிறரைக் கவரும் உத்திகளுக்குத் தாவிவிட்டதையும் 1989இல் சுட்டிக்காட்டினார். கையிலுள்ள நூல் இவ்விரண்டில் எதைக் கற்பிக்கிறது என்று முதல் இரண்டு அத்தியாயங்களிலேயே கண்டுகொள்ளலாம்.

இவ்வகை நூலில் வாதத்தைச் சுமப்பவை பெரும்பாலும் சம்பவக் கதைகள் என்பதால், கதையை ரசிப்பதும் அதைச் சான்றாக ஏற்பதும் வேறு வேறு என்ற விழிப்பு தேவை. ஜேம்ஸ் கிளியரின் ‘அட்டாமிக் ஹாபிட்ஸ்’ (2018) நூலின் முதல் அத்தியாயம் பிரிட்டிஷ் சைக்கிள் அணியின் எழுச்சியைச் சொல்கிறது: 2003இல் பொறுப்பேற்ற டேவ் பிரெயில்ஸ்ஃபோர்டு ஒவ்வொரு சிறு அம்சத்திலும் ஒரு சதவீத முன்னேற்றத்தைத் தேடியதன் பயனாக அணி உலக உச்சியை எட்டியது என்பது அதன் சாரம். கதை விறுவிறுப்பானது, நடையும் தெளிவானது. ஆயினும் 1997 முதல் தேசிய லாட்டரி நிதி அவ்விளையாட்டுக்குப் பாய்ந்ததையும், அவர் பொறுப்பேற்பதற்கு முன்பே 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஜேசன் குவீலி தங்கம் வென்றதையும் சேர்த்துப் பார்த்தால் சித்திரம் மாறுகிறது. வென்றவர்களை மட்டும் கணக்கில் எடுத்து, அதே வழியில் முயன்று தோற்றவர்களை விட்டுவிடும் பிழையைப் புள்ளியியலார் பிழைத்தோர் சாய்வு என்பர். இவ்வகை நூல்களில் அது மிக எளிதில் நுழைந்துவிடும். நாளுக்கு ஒரு சதவீதம் முன்னேறினால் ஓராண்டில் 37 மடங்கு என்று அந்நூல் தரும் கணக்கு கூட்டுவட்டியாகச் சரியே. ஆனால் இன்று ஒரு கிலோமீட்டர் ஓடுபவர் ஓராண்டில் 37 கிலோமீட்டர் ஓடிவிடுவார் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை, உடலும் திறனும் வட்டி போல் வளர்வதில்லை. அதே நூலில், பழக்கத்தைத் தூண்டும் பொருளைக் கண்ணில் படும்படி வைப்பது, கெட்ட பழக்கத்துக்கான வழியைச் சிக்கலாக்குவது போன்ற பகுதிகள், இன்றே வீட்டில் சோதித்துப் பார்க்கக்கூடியவை என்பதால் உயர்ந்து நிற்கின்றன.

சோதனை செய்பவர் கெடுவையும் ஐயத்தோடு அணுக வேண்டும். பழக்கம் படிய 21 நாள் போதும் என்று பல நூல்கள் எழுதும் கணக்கின் மூலம், ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் வெளியிட்ட நூல். நோயாளிகள் தம் மாறிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ அவ்வளவு நாள் ஆவதாக அவர் குறிப்பிட்டிருந்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில் ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் பிடித்தது; ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. இருபத்திரண்டாம் நாள் தளர்ந்துபோனவர் தம் மீது பழி போடுமுன் நூலின் மீது ஐயப்படுவது நியாயம்.

தமிழில் இவ்வகை எழுத்துக்கு நெடிய மரபு உண்டு. ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் வ.உ.சிதம்பரனார், ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ ஆகியவை அவருடைய மொழிபெயர்ப்புகள். மனிதரின் எண்ணமே அவருடைய சூழ்நிலையை உருவாக்குகிறது என்பது ஆலனின் மையக் கருத்து. மொழிபெயர்த்தவரோ 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, 1908இல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டுச் சிறையில் செக்கிழுத்தவர். அச்சூழ்நிலையை உருவாக்கியது அவருடைய எண்ணமா, அந்நிய ஆட்சியின் சட்டமா என்ற கேள்வியை முன்வைத்து அவ்விரு நூல்களையும் படிப்பவர், ஆலனின் கருத்து எங்கே வலுவுடன் நிற்கிறது, எங்கே உடைகிறது என்பதைத் தாமே வரி வரியாகக் குறித்துக்கொண்டு போகலாம்.