வழியோரத்து நடுகல்: கல்லும் பாட்டும்

பொங்கலுக்கும் ஆடிக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் பெங்களூரிலிருந்து சொந்த ஊர் செல்லும் நம் குடும்பங்களில் பெரும்பகுதி ஓசூர், கிருட்டிணகிரி வழியாகவே செல்கின்றது. கிருட்டிணகிரிக்குப் பின் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று தருமபுரிக்கு, மற்றொன்று ஊத்தங்கரை, செங்கம் கடந்து திருவண்ணாமலைக்கு. இவ்விரு வழிகளிலும், பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவர் கண்ணில் படாமலே கடந்து போகும் பொருள் ஒன்று உண்டு. புளியமரத்தடியிலோ ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ பாதி மண்ணில் புதைந்து நிற்கும் பலகைக் கல் அது. அதில் வாளோ வில்லோ ஏந்திய ஒருவனின் புடைப்புருவம் இருக்கும். தலைக்கு மேல் சில வரி எழுத்து இருக்கும். அறிஞர் அதனை நடுகல் என்பர். ஊரார் வேடியப்பன் என்று கும்பிடுவர்.

செங்கத்தை அடுத்த ஒரு சிற்றூரே எம் முன்னோர் வாழ்ந்த ஊர். எங்கள் புன்செயின் மூலையிலும் அத்தகைய கல் ஒன்று நின்றது. எம் பாட்டியார் வெள்ளிதோறும் அதற்கு எண்ணெய் சாத்தி மஞ்சள் பூசுவார். கல் இத்தனை ஆண்டுகள் சாயாமல் நின்றது அவரைப் போன்றோரின் கைகளால்தான்; எழுத்துகள் எண்ணெய்ப் பிசுக்கில் மூடிப்போனதும் அதே கைகளால்தான். அக்கல்லில் என்ன எழுதியிருக்கின்றது என்று எம் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. யாமும் கேட்டதில்லை.

நடுகல்லைப் பற்றி இத்தகைய மலர்களில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். தமிழர் மறத்துக்குச் சான்று காட்டி மார்தட்டுவது ஒருவகை. எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு என்று கணக்கெடுப்பது மற்றொரு வகை. முதல் வகைக் கட்டுரை ஒன்றை யாமும் இளமையில் எழுதியிருக்கின்றோம். இப்போது அதை எடுத்துப் படிக்க நாணமாக இருக்கின்றது. இரு வகையாரும் செய்யாத ஒன்று, கல்லில் உள்ள சொற்களை ஓர் இலக்கியமாகக் கொண்டு படிப்பது. அதனை இங்கே ஒரு சிறிது செய்து பார்க்க விழைகின்றோம்.

தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972ஆம் ஆண்டில் இரா. நாகசாமி அவர்களின் பதிப்பாகச் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் பலவற்றை அதில் காணலாம். ஏறத்தாழ எல்லாமே ஒரே யாப்பில் அமைந்தவை. முதலில் மன்னன் பெயரும் ஆட்சியாண்டும். அடுத்து அந்நிலப்பகுதியை ஆண்ட சிற்றரசன். அவனுக்கு இன்னார் சேவகன். இன்ன ஊரில் தொறுக் கொண்டபோது, அல்லது தொறு மீட்டபோது, பட்டான். அவன் கல் இது. தொறு என்பது ஆனிரை. அவ்வளவே செய்தி. நடுவணரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கோப்பு எழுதிவரும் எமக்கு இந்த அமைப்பு மிகவும் பழகியதாகத் தோன்றியது. மன்னன் இங்கே தாளின் தலைப்பில் இடப்படும் நாள் மட்டுமே. பொருள் அவனுக்குக் கீழேதான் தொடங்குகின்றது.

எடுத்தனூர்க் கல் ஒன்று போதும். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு அதில் குறிக்கப்பெற்றுள்ளது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைந்தவன், 'மத்தவிலாசம்' என்னும் அங்கத நாடகம் இயற்றியவன், சித்திரகாரப்புலி எனப் பெயர் பெற்றவன் அம்மன்னன். இக்கல்லில் அவற்றுள் எதுவும் இல்லை. கல் சொல்லவருவது கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளின் பொருட்டுப் பட்டான் என்பதை. அவன் உருவத்துக்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அந்நாய்க்கெனத் தனியே சில சொற்கள்: அதன் பெயர் கோவிவன், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. நாயைப் புகழ ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பெயர் இருக்கின்றது. செய்த செயல் இருக்கின்றது. கடிபட்டவர் இருவர் என்னும் எண்ணிக்கையும் இருக்கின்றது. மெய்க்கீர்த்தி பாடிய அவைப்புலவர் எவரும் இத்தனை சிக்கனமாக எழுதியதில்லை என்பது எம் துணிபு. எருமை மேய்த்தவனும் அவன் நாயும் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்து நமக்குத் தெரிந்தவராக இருப்பது இச்சிக்கனத்தால்.

இதனினும் சுருங்கிய கல்லும் உண்டு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்று, கூடலூரில் ஆகோள் நிகழ்ந்தபோது பட்ட தீயன் அந்தவனின் கல் எனத் தமிழ்ப் பிராமி எழுத்தில் சில சொற்களில் சொல்லி முடிக்கின்றது. ஆகோள் என்பது தொல்காப்பியர் புறத்திணையில் ஆளும் சொல். உரையாசிரியர் வழியே நாம் படித்த துறைப்பெயர் ஒன்று, வைகைப் படுகையில் ஒரு சிற்றூர்க் கல்லில், இறந்தவன் பெயருக்கு அருகில் இருக்கின்றது.

கல்லின் யாப்பு அதுவாயின், பாட்டின் யாப்பு நேர் எதிரானது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் எனக் கல் நடும் முறையை ஆறாக வகுக்கின்றார் தொல்காப்பியர். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களையே பெரும்பாலும் இவ்வரிசையிலிருந்து எடுத்தார். அங்கே கல் இமயத்திலிருந்து வந்தது, கல்லில் நின்றவள் ஒரு பெண். அது பேரரசின் கல்; நம் வழியோரக் கல்லுக்குத் தொலைவு. புறநானூற்றுப் பாட்டுகளே நமக்கு அணுக்கமானவை. அதியமானுக்கு நட்ட கல்லின்முன் ஔவையார் நிற்கின்றார். மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்க்கின்றார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என்று அவர் கேட்கின்றார். தகடூர் என்பது நாம் பேருந்தில் கடக்கும் தருமபுரியே. அள்ளூர் நன்முல்லையார் காட்டும் பெண்ணோ, கல்லை நாள்தோறும் தொழுது, வீட்டுக்கு விருந்தினர் வரவேண்டும், கணவனுக்குப் போர் வாய்க்க வேண்டும் என்று வேண்டுகின்றாள். கல் தன் எழுத்தில் இத்தகைய பெண்களைப் பற்றிப் பேசுவது அரிது. அது கல்லின் குறையே. எருமைக்காகப் பட்டவனின் மனைவி அன்றிரவு என்ன செய்தாள் என்பதை எடுத்தனூர்க் கல் சொல்லவில்லை. நன்முல்லையார் பாட்டைப் படித்த பின்னரே அவ்விடத்தில் ஒருத்தி இருந்திருப்பாள் என்ற எண்ணமாவது நமக்கு எழுகின்றது. பாட்டிலோ துயரம் இருக்கின்றது, பல இடங்களில் பெயர் இல்லை. கல்லில் பெயர் இருக்கின்றது, துயரம் இல்லை.

இவற்றினும் எம்மை ஆட்கொண்டவை அகநானூற்றுப் பாலைப் பாட்டுகள். மருதன் இளநாகனார் பெயரில் உள்ள பாட்டொன்றில், மறவர் தம் அம்புகளைத் தீட்டித் தீட்டி நடுகல்லின் பக்கம் தேய்ந்துபோகின்றது. களைத்து வரும் வழிப்போக்கர் எழுத்தைத் தொடர்ந்து படிக்க மாட்டாமல் விட்டுச் செல்கின்றனர். மற்றொரு பாட்டில் எழுத்தின் கோடுகள் சில மறைந்துபோனதால், படித்தவருக்கு வேறொரு பொருள் கிடைக்கின்றது. கல் எழுத்தை வாசிப்பது பற்றி இவற்றைவிட நுட்பமான திறனாய்வு தமிழில் உண்டோ என்பது ஐயமே. இந்த வழிப்போக்கர் நடக்கும் வழி எத்தகையது என்பதையும் எண்ண வேண்டும். அது பொருள் தேடப் பிரிந்து செல்லும் தலைவன் கடக்கும் சுரம். ஊரையும் உறவையும் விட்டு வேற்றுப்புலத்துக்குப் பொருளீட்டச் செல்பவன் வழியில் காணும் காட்சியாகவே அகப்பாட்டில் நடுகல் வருகின்றது. ஒரு தலைமுறைக்கு முன் தகரப்பெட்டியுடன் அதே வழியில் பெங்களூர் வந்தவர்களின் மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வந்து சேர்ந்த இடத்திலும் அதே கற்கள்தாம் நின்றன என்பதை யாம் அறிந்தது மிகவும் பிந்தியே. 'பெங்களூர்' என்னும் பெயருக்கு வெந்த அவரைக் கதையைச் சொல்லி மகிழ்கின்றோம். ஆனால் அப்பெயர் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு. கங்கர் காலத்துத் தலைவன் நாகத்தரனைச் சார்ந்தோர் பெங்களூர்ப் போரில் பட்ட செய்தியை அது கூறுகின்றது. மாநகரின் பெயர் முதன்முதலில் எழுத்தில் வருவது ஒரு சாவுச் செய்தியில். எப்பாலில் இருக்கும் கித்தய்யனின் கல் இன்னும் பழையது; ஏறத்தாழ கி.பி. 750, கங்க மன்னன் சிரீபுருடன் காலம். மறைந்துபோனதாக எண்ணப்பட்ட அக்கல் 2018ஆம் ஆண்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. ஆர்வலர் முயற்சியால் அதற்கொரு சிறு மண்டபமும் எழுந்தது. கன்னடத்தார் வீரகல் என்பது நம் நடுகல். நம் கல்லில் தொறு என வருவது அவர்கள் கல்லில் துறு என வரும். பட்டவன் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை நாம் உதிரப்பட்டி என்றோம். அவர்கள் நெத்தரு கொடகெ என்றனர். இரண்டிலும் முதற்சொல் குருதியே.

தமிழர் வீரம் என்று மட்டும் இக்கற்களைப் பேசுவோர் ஆதகூர்க் கல்லின் முன் என்ன சொல்வரோ, அறியோம். மண்டியா மாவட்டத்தில் கிடைத்துப் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தை அடைந்த கல் அது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டதைக் குறிக்கும் முதன்மைச் சான்றுகளில் அதுவும் ஒன்று. வரலாற்று நூல்கள் எல்லாம் அதனை எடுத்துக்காட்டும். ஆயின் அக்கல் நடப்பட்டது இராசாதித்தனுக்காக அன்று. அவனை வென்ற இராட்டிரகூடன் மூன்றாம் கிருட்டிணனுக்காகவோ கங்கன் பூதுகனுக்காகவோ அன்று. தக்கோலத்தில் நன்கு பொருத மணலேரன் என்னும் வீரனிடம் பூதுகன், வேண்டுவதைக் கேள் என்றான். அவன் காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னொரு நாள் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மீது அந்நாயை ஏவ, நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. அந்நாய்க்கு நட்ட கல் அது. அதற்கு நிலமும் விடப்பட்டது. பேரரசுகள் மோதிய போர் ஒரு நாயின் கல்லில் முன்னுரையாக நிற்கின்றது. கல்வெட்டியவனுக்கு எது செய்தி, எது பின்னணி என்பதில் குழப்பமே இல்லை.

பிற்காலத்து நினைவுச் சின்னங்களை இவற்றோடு ஒப்பிடும்போது மனம் ஒப்பவில்லை. வேலூர் லாங்கு பஜாரில் உள்ள மணிக்கூண்டில், இவ்வூரிலிருந்து 1914–18 பெரும்போருக்குச் சென்றோர் 277 பேர், அவருள் உயிரீந்தோர் 14 பேர் என்னும் ஆங்கிலக் கல்வெட்டு இருக்கின்றது. அதே வாசகத்தில், எண்ணை மட்டும் மாற்றிப் பல ஊர்களில் கல் பதித்தனர். அப்பதினால்வரும் யாவர்? எந்தக் களத்தில் பட்டனர்? கல் வாய் திறக்கவில்லை. கோவிவனைக் கடித்த நாய் என்று கடப்பதற்கில்லாமல் பெயர் சொல்லி நிறுத்திய செங்கத்துக் கல்தச்சன், மனிதர் பதினால்வரை எண்ணால் மட்டும் குறிக்க இசைந்திருக்க மாட்டான். நம் காலத்து வழியோரக் கல்வெட்டுகளோ அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் ஆகியோருடன் நிறைவு பெறுகின்றன. நாளைக் குறிக்க மட்டும் பயன்பட்ட தலைவன் இப்போது பொருளாகவே ஆகிவிட்டான்.

நடுகல்லைக் குறளுக்குள் கொண்டுவந்த வள்ளுவரின் சிலையே இந்நகரில் அல்சூர் ஏரியருகே 1991 முதல் 18 ஆண்டுகள் துணிக்குள் நின்றதை நம் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. 2009 ஆகத்து 9ஆம் நாள் அது திறக்கப்பெற்றது; நான்கு நாள் கழித்துச் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. அந்த ஏரியைச் சுற்றி நடக்கும்போதெல்லாம், பேகூர்க் கல்லைத் தமிழரும் செங்கத்துக் கல்லைக் கன்னடத்தாரும் படித்திருந்தால் அத்துணி அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டிருக்குமா என்னும் எண்ணம் எமக்கு எழுவதுண்டு.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று எம் மகளுடன் பேகூர் சென்றோம். அவள் இங்கே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவாள். அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியிலிருந்து எடுத்த படிநகல் ஒன்றை யாம் கொண்டு சென்றிருந்தோம். அது கன்னட எழுத்தில் இருந்தமையால் அவளே எமக்குப் படித்துக் காட்டினாள். பழங்கன்னடம் அவளுக்கும் முழுதும் விளங்கவில்லை. 'பெங்களூர்' என்னும் சொல்லிடத்தில் மட்டும் விரலை வைத்து நின்றாள். கார்த்திகைக்கு ஊர் சென்றபோது எங்கள் புன்செய்க் கல்லின் முன் அவளை நிறுத்தினோம். பாட்டியார் இப்போது இல்லை. வெந்நீரும் அரப்புத்தூளும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கைப் பதமாகத் துடைத்தோம்; நான்கு வரி வட்டெழுத்து வெளிப்பட்டது. எம்மால் அதனைப் படிக்க இயலவில்லை. 'செங்கம் நடுகற்கள்' நூலிலிருந்து வட்டெழுத்து ஒவ்வொன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தி சாயும்வரை இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கடைசி வரியில் 'கல்' என்னும் சொல் முதலில் பிடிபட்டது. அதற்கு முன் 'பட்டான்'. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடுகள் சில தேய்ந்திருந்தன. மகள் தன் குறிப்பேட்டில் அவ்வெழுத்துகளைக் கண்டவாறே வரைந்துகொண்டு, கீழே தன் ஊகத்தைக் கன்னட எழுத்தில் எழுதினாள். யாம் எம் ஊகத்தைத் தமிழில் எழுதினோம். இரண்டும் ஒன்றாக இல்லை. தைப்பொங்கலுக்கு மீண்டும் செல்லவிருக்கின்றோம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கின்றாள்.