ருஷ்யப் படம் என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா?

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் விடியற்காலை நின்று பாருங்கள். ஒரே ஏலத்தில் மூன்று மொழி கேட்கும். விலை தமிழில் ஏறும், வாங்க வந்தவர் கன்னடத்தில் இறக்குவார், பெட்டி தூக்கும் பெண்கள் தெலுங்கில் கேலி பேசுவார்கள். இத்தனை பேரையும் சேர்த்து வெளியூர்க்காரர் ஒருவர் ஏதாவது ஒரே பெயரால் கூப்பிட்டால் நமக்குச் சுருக்கென்று இருக்கும். ஐசன்ஸ்டீன் முதல் தார்க்கோவ்ஸ்கி வரை எல்லாவற்றையும் ‘ருஷ்யப் படம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கும் நாம் செய்வதும் அதுதான்.

இயக்குநர் பராஜனோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியாவின் திபிலிசியில் பிறந்த ஆர்மீனியர். வேலை பார்த்தது உக்ரைனின் கீவ் ஸ்டுடியோவில். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘மறந்துபோன மூதாதையரின் நிழல்கள்’ கார்பாத்திய மலைவாழ் மக்களின் உக்ரைனிய வழக்கில் பேசுகிறது. ‘மாதுளையின் நிறம்’ (1969) சாயத் நோவா என்ற 18ஆம் நூற்றாண்டுப் பாணனைப் பற்றியது. அந்தப் பாணன் ஆர்மீனியத்திலும் ஜார்ஜியத்திலும் அஜர்பைஜானியிலும் பாடினான். நம் மண்டிக்கு வந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் புதிதாக இருந்திருக்காது. இதில் ருஷ்யா எங்கே இருக்கிறது? மாஸ்கோவிலிருந்து வந்த பணத்திலும் அனுமதிக் கடிதத்திலும் இருக்கிறது.

என் தலைமுறை இந்தப் படங்களுக்குப் புத்தகங்கள் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கிய கார்க்கியின் ‘தாய்’ நாவலைப் படித்திருந்ததால் புதோவ்கினின் ‘தாய்’ (1926) புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ கதையைப் படித்திருந்ததால் கொஞ்சலோவ்ஸ்கி 1965இல் எடுத்த படமும் தெரிந்த படமாகிவிட்டது. அது கிர்கீசியப் புல்வெளியில், கிர்கீசிய முகங்களை வைத்து எடுத்த படம் என்பதைக் கவனிக்கவே இல்லை. கதை தெரிந்தால் போதும் என்றிருந்தோம். மண்ணைப் பார்க்கத் தவறினோம்.

இந்தப் படங்களை ஒரு பள்ளி, அதாவது ஒரு மரபு, என்று பேச ஆரம்பித்தால் உண்மையிலேயே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 1919இல் மாஸ்கோவில் அரசு திரைப்படப் பள்ளி திறந்தார்கள். உள்நாட்டுப் போர்க் காலம். பிலிம் சுருள் கிடைக்கவில்லை. படம் எடுக்க வழியில்லாததால் ஆசிரியர் குலெஷோவும் மாணவர்களும் பழைய படங்களைப் பிரித்து மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். அசையாத ஒரு நடிகர் முகத்துக்குப் பக்கத்தில் சூப் கிண்ணத்தை ஒட்டினால் அவர் பசியில் இருக்கிறார். சவப்பெட்டியை ஒட்டினால் துக்கத்தில் இருக்கிறார். முகம் என்னவோ அதே முகம். பஞ்சத்தில் கற்ற பாடம் இது. படத்தொகுப்பைப் பற்றி உலகம் பிறகு பேசியதில் பாதி இதிலிருந்துதான் கிளைத்தது.

குலெஷோவின் மாணவர் புதோவ்கின் ஒரு ஷாட்டின்மேல் இன்னொன்றைச் செங்கல்போல அடுக்கினார். ஐசன்ஸ்டீன் அடுக்கவில்லை, மோதவிட்டார். ‘போர்க்கப்பல் பொதெம்கின்’ (1925) படத்தின் ஒதெஸ்ஸா படிக்கட்டைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது, நான் விட்டுவிடுகிறேன். வெர்தோவ் இருவரையும் ஏற்கவில்லை. நடிகரும் வேண்டாம், கதையும் வேண்டாம் என்றார். ‘திரைப்படக் கருவியுடன் ஒரு மனிதன்’ (1929) படத்தில் அவர் மனைவி ஸ்விலோவா மேசையில் உட்கார்ந்து பிலிமை வெட்டுவதும் படத்துக்குள்ளேயே வருகிறது. சமையலறையைத் திறந்துவைத்துப் பந்தி பரிமாறுவதுபோல.

எனக்கு நெருக்கமானவர் இவர்களில் யாருமில்லை. உக்ரைன் விவசாயி வீட்டுப் பிள்ளை தொவ்ஷென்கோதான். அவருடைய ‘பூமி’யை (1930) எங்கள் ஊரில் ஒரு மாடி அறையில், சுவரில் வேட்டி கட்டிப் போட்டோம். ஒலி இல்லாத படம், வந்தவர்களில் பாதிப்பேர் தக்காளி போடுகிறவர்கள். முதலில் கோதுமைக் கதிரில் காற்று அலையடிக்கிறது. ஒரு கிழவர் பழங்களுக்கு நடுவே படுத்து, ஒரு பழத்தைக் கடித்துத் தின்றுவிட்டு நிம்மதியாகச் செத்துப்போகிறார். சலசலப்பே இல்லை. பிறகு ஊருக்கு முதல் டிராக்டர் வருகிறது, நடுவழியில் நின்றுவிடுகிறது, ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. ஆண்கள் சுற்றி நின்று சிறுநீர் கழித்து நிரப்புகிறார்கள். அன்றைய தணிக்கைக்காரர்கள் வெட்டிய காட்சி இது. பிற்காலப் பிரதியில் சேர்ந்திருந்தது. அறை அதிர்ந்து சிரித்தது. “எங்க மாமன் இதையே பண்ணாரு” என்றது ஒரு குரல். கடைசியில் குவிந்து கிடக்கும் பழங்கள்மேல் மழை பெய்கிறது, வெகுநேரம். மழையில் நனைந்த காய் மண்டியில் என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்தவர்கள் அதைப் பார்க்கிற பார்வை வேறு. எனக்குத் தெரிந்து எந்தத் திரைப்பட வகுப்பிலும் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

இந்த மரபில் பரம்பரை முக்கியம், நம் நாதஸ்வரக்காரர்கள் பாணி சொல்வதுபோல. மாஸ்கோ பள்ளியில் மாணவர்கள் பாடத்திட்டத்தில் அல்ல, ஓர் ஆசிரியரின் பட்டறையில்தான் சேருவார்கள். மிகாயில் ரோம் பட்டறையிலிருந்து தார்க்கோவ்ஸ்கியும் சுக்ஷினும் கொஞ்சலோவ்ஸ்கியும் வந்தார்கள். மூவரும் மூன்று திசை. அதுவே அந்த ஆசிரியருக்கு நற்சான்று. தொவ்ஷென்கோவின் கடைசி மாணவர்களில் ஒருவர் லாரிசா ஷெபிட்கோ. பனிக்காட்டில் பிடிபட்ட இரண்டு கெரில்லாக்களைப் பற்றிய அவருடைய ‘ஏற்றம்’ 1977இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. இரண்டு வருடத்தில் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார். பாதியில் விட்ட படத்தை அவர் கணவர் கிளீமோவ் முடித்தார்.

படங்களை அளக்க அரசாங்கத்திடமும் ஒரு படி இருந்தது. கோஸ்கினோ என்ற அலுவலகம் படத்துக்குத் தரம் போடும். தரத்தைப் பொறுத்துப் பிரதிகள். தார்க்கோவ்ஸ்கியின் ‘ஆந்திரேய் ரூப்ளெவ்’ 1966இல் முடிந்து, சொந்த நாட்டில் 1971இல்தான் திரைக்கு வந்தது. ‘கண்ணாடி’ (1975) சில பிரதிகளோடு ஒதுக்குப்புறமாக வெளியானது. அஸ்கோல்தோவின் ‘கமிசார்’ 1967 முதல் இருபது வருடம் அலமாரியில் கிடந்தது. அவர் அதன்பிறகு கதைப்படமே எடுக்கவில்லை. 1986இல் திரைக்கலைஞர் சங்க மாநாட்டில் கிளீமோவ் தலைமைக்கு வந்த பிறகுதான் அலமாரிகள் திறந்தன.

அதற்காகத் தடைபட்டதெல்லாம் தங்கம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் ரசிகர்களுக்கு அந்தப் பலவீனம் உண்டு. கலடோசோவின் ‘கொக்குகள் பறக்கின்றன’ (1957) கோடிக்கணக்கான பேர் வரிசையில் நின்று பார்த்த படம். 1958இல் கான் விழாவின் பெரிய பரிசும் அதற்குத்தான். ஊருசெவ்ஸ்கியின் கேமரா அதில் கூட்டத்துக்குள் நாயகியோடு ஓடுகிற ஓட்டத்துக்கு ஈடாக, அலமாரிப் படங்களில் பலவற்றை நான் வைக்கமாட்டேன். ரூப்ளெவை முடக்கிய அதே அரசுதான் அதற்குக் காசு கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தக் காற்று நம் பக்கம் வீசிய வழி சுற்றுவழி. 1951இல் இந்தியா வந்த புதோவ்கின், கல்கத்தாவில் நிமாய் கோஷ் எடுத்திருந்த ‘சின்னமூல்’ படத்தைப் பார்த்தார். கிழக்கு வங்கத்திலிருந்து வேரறுந்து வந்தவர்களின் கதை. சோவியத் நாட்டில் அதைத் திரையிட வழிசெய்தார். நிமாய் கோஷ் பிறகு சென்னைக்குக் குடிவந்தார். தமிழ் சரளமாக வராதவர் 1960இல் ‘பாதை தெரியுது பார்’ என்ற தமிழ்ப்படத்தை இயக்கினார். இசை எம்.பி. சீனிவாசன், பாட்டெழுதியவர்களில் ஜெயகாந்தன் ஒருவர். சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியதிலும் கோஷுக்கும் சீனிவாசனுக்கும் பெரும்பங்கு. படத்தின் பிரதி மிஞ்சவில்லை என்கிறார்கள். பாட்டு மிஞ்சியிருக்கிறது. இன்னொரு கிளை, ஐசன்ஸ்டீனைக் கரைத்துக் குடித்த ரித்விக் கட்டக். புனேயில் அவரிடம் படித்த ஜான் ஆபிரகாம் தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) எடுத்தார். பரம்பரை என்றால் இதுவும் பரம்பரைதான்.

‘மெதுவாகப் போகிறது’ என்பது நம்மிடம் அதிகம் புழங்கும் தராசு. அதை நான் எப்போதோ கீழே வைத்துவிட்டேன். ஒரு வேலையைத் தெரிந்தவர் பார்த்தால் அந்தப் படம் நிற்குமா என்று பார்க்கிறேன். ‘ரூப்ளெவ்’ படத்தின் கடைசிப் பகுதியில் மணி வார்க்கும் பையன் போரிஸ்கா வருகிறான். கொள்ளைநோயில் அப்பன் செத்துப்போனான். சாகும்முன் வார்ப்பின் ரகசியத்தை எனக்குச் சொன்னான் என்று அரசனின் ஆட்களிடம் சாதிக்கிறான். சரியான களிமண்ணுக்கு அலைந்து, மழையில் சரிவில் வழுக்கி விழுந்த இடத்தில் அது கையில் சிக்குகிறது.

அந்தப் படத்தை நாங்கள் திரையிட்ட அன்று என் பக்கத்தில் இருந்தவர் ஓசூரில் ஒரு பவுண்டரியில் மோல்டிங் பார்ப்பவர். வசன எழுத்தை அவர் படிக்கவில்லை. அச்சை நெருப்பு மூட்டிச் சுடும்போது முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “ஈரம் நின்னா வெடிச்சிடும்” என்று தனக்குத்தானே சொன்னார். உலைகள் திறந்து உலோகம் வாய்க்காலில் ஓடியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். மணி ஒலித்தது. பையன் சேற்றில் விழுந்து, அப்பன் எதையுமே சொல்லித் தரவில்லை என்று அழுதான்.

இரவு ஷிப்டுக்குப் போகிறவரை ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டேன். வண்டி தாமதம். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்: “அப்பன் நெஜமாவே சொல்லித் தரலையா சார்?”

இல்லை என்றேன்.

“அப்ப மண்ணு எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு?”